சல்சாவா, பச்சாட்டாவா, சா சா சாவா: கைகளை விட்டுக் கால்களைப் பாருங்கள்

கணவரின் அலுவலக நண்பர்கள் அழைத்ததால் இருவரும் ஒரு லத்தீன் நடன இரவுக்குச் சென்றதாகவும், அங்கே பாட்டுக்குப் பாட்டு ஆட்டத்தின் பெயர் மாறினாலும் ஓரமாக அமர்ந்து பார்த்த உங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றை எப்படிப் பிரித்தறிவது, எதை முதலில் கற்பது, பள்ளிப் பருவத்தில் கற்ற பரதநாட்டியம் இதற்குக் கைகொடுக்குமா, முன்பின் அறியாதவரின் கையைப் பிடித்து ஆடுவதில் உள்ள தயக்கத்தை என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அது தெளிந்துவிட்டால் இரண்டாவது கேள்வியும் பாதி தீர்ந்துவிடும்.

ஒன்றுபோலத் தெரிந்ததில் வியப்பில்லை. பார்க்கிறவரின் கண் இயல்பாகவே கைகளுக்கும் சுழற்சிகளுக்கும் போகும். அந்தக் கைவேலைகளோ இந்த ஆட்டங்களுக்குள் தாராளமாகக் கொடுத்து வாங்கப்படுபவை. சல்சாவில் துணையைச் சுற்றிவிடும் அதே பிடியை இன்றைய பச்சாட்டாவிலும் மெரெங்கேயிலும் காணலாம். இடுப்பசைவை வைத்தும் முடிவுக்கு வர முடியாது, ஏனென்றால் முழங்கால் மடங்கி நிமிர்வதால் தானாகப் பிறக்கும் அந்த அசைவு இவை எல்லாவற்றுக்கும் பொது. ஓர் ஆட்டத்தை அந்த ஆட்டமாக ஆக்குவது, எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில் உடலின் எடை எத்தனை முறை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுகிறது, எந்த எண்ணில் மாறாமல் நிற்கிறது என்பதுதான். இந்த இசை நான்கு நான்கு அடிகளாக ஓடும். ஆடுபவர்கள் இரண்டு நான்குகளைச் சேர்த்து எட்டாக எண்ணுவார்கள். அந்த எட்டுக்குள் மெரெங்கேயில் 8 எடைமாற்றங்கள், சல்சாவிலும் பச்சாட்டாவிலும் 6, சா சா சாவில் 10. அடுத்த முறை போகும்போது நன்றாக ஆடும் ஒரு ஜோடியைத் தேர்ந்துகொண்டு, அவர்களுடைய முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்து எண்ணிப் பாருங்கள். அரங்கில் நடப்பதில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெரெங்கே டொமினிக்கன் குடியரசின் ஆட்டம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காலடி, இடையில் நிற்பதே இல்லை. நடக்கத் தெரிந்தவர் அன்றைக்கே ஆடிவிடலாம். பாட்டை அடையாளம் காண்பதும் சுலபம். அக்கார்டியனோ ஊதுகருவிகளோ முன்னால் ஓட, குயிரா என்னும் உலோக உருளையைச் சுரண்டும் ஓசையும் தம்போரா என்னும் இருமுக முரசும் விடாமல் பின்னால் துரத்தும். தம்போராவை ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் வாசிப்பார்கள் என்பதால், தைப்பூசத்திலும் கோயில் திருவிழாக்களிலும் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த உருட்டு அந்நியமாகப் படாது. 1930 முதல் 1961 வரை அந்நாட்டைப் பிடியில் வைத்திருந்த சர்வாதிகாரி ட்ருஹியோ மெரெங்கேயைத் தேசிய இசையாக உயர்த்திப் பிடித்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சாட்டாவின் கதைக்கு அது வேண்டும்.

சல்சாவில்தான் தொடக்கநிலையாளர்கள் தடுமாறுகிறார்கள். அடிகள் 1, 2, 3 ஆகிய எண்களில் விழும். 4-இல் கால் நிற்கும். மீண்டும் 5, 6, 7-இல் அடிகள், 8-இல் நிற்கும். பரதநாட்டியம் கற்றவர் என்பதால் உங்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு சல்சாப் பாட்டைப் போட்டுவிட்டு, எழுந்து ஆடாமல், தொடையில் ஆதி தாளம் போடுங்கள்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. நடுவிரல் விழும் 4-ஆம் அட்சரத்திலும் கடைசி வீச்சு விழும் 8-ஆம் அட்சரத்திலும் ஆடுபவரின் எடை மறுகாலுக்குப் போகாது. போகாது என்றால் உடல் உறைந்துவிடும் என்று பொருளில்லை. மூன்றாம் அடியே இரண்டு அட்சரங்களுக்கு நீண்டு, உடல் அடுத்த திசைக்கு மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கும். நன்றாக ஆடுபவரையும் அவசரமாக ஆடுபவரையும் அந்த நான்காம் எண்ணில்தான் பிரித்துப் பார்க்க முடியும். பின்னவர் மூன்றாம் அடியைச் சட்டென்று முடித்துவிட்டு, அடுத்த சுற்று எப்போது வரும் என்று காத்து நிற்பார்.

எது முதல் எண் என்று தெரியாமல் ஆதி தாளத்தை எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். அதற்குக் கொங்கா முரசைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் வழக்கமான சொற்கட்டில் 2-இலும் 6-இலும் உள்ளங்கையால் அறைந்தாற்போல் ஒரு வறண்ட ஓசை வரும். 4-இலும் அதையடுத்த அரை எண்ணிலும், அவ்வாறே 8-இலும் அதையடுத்த அரை எண்ணிலும், ‘தும் தும்’ என்று இரண்டு திறந்த ஓசைகள் வரும். ஆக, கால் நிற்கும் இடத்தில்தான் முரசு வாய் திறக்கிறது. இரண்டாவது ‘தும்’ முடிந்த கையோடு அடுத்த 1 அல்லது 5 வந்துவிடும். பாட்டு சூடுபிடித்துக் குழுவினர் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடும் பகுதிக்கு வந்தால் வேலை இன்னும் எளிது, ஏனெனில் அங்கே உலோக மணி ஒன்று 1, 3, 5, 7 ஆகிய எண்களில் கணீரென்று ஒலிக்கத் தொடங்கும். வேகம் மட்டும் சற்று மிரட்டும். நிமிடத்துக்குச் சுமார் 160 முதல் 220 அடிகள் வரை போகும் பாட்டுகள் சாதாரணம் என்பதால், கற்கும்போது மெதுவான பாட்டுகளையே தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதே இடத்தில் கிளாவே என்ற சொல்லை ஆசிரியர்கள் உங்களிடம் சொல்வார்கள். இரண்டு கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து அடிகள், எட்டு எண்களுக்குள் மூன்றும் இரண்டுமாகவோ இரண்டும் மூன்றுமாகவோ பிரிந்து நிற்கும். மூன்று முந்தி வரும் வகையில் அவை 1, இரண்டரை, 4, 6, 7 ஆகிய இடங்களில் விழும். இந்த இசையின் முதுகெலும்பு அதுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் பல பாட்டுகளில் கிளாவே தனியாக வாசிக்கப்படுவதே இல்லை. மற்றக் கருவிகள் அதற்கு இணங்க வாசிக்கப்படும், அவ்வளவுதான். காதுக்கு எட்டாத ஒன்றைத் தேடிக்கொண்டு முதல் மாதத்திலேயே கால்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. கொங்காவும் மணியும் பழகிய பிறகு கிளாவே தானாகக் கேட்கத் தொடங்கும்.

சல்சாவுக்குள்ளேயும் பிரிவுகள் உண்டு, வகுப்பில் சேருமுன் அவற்றை அறிந்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். முன்பின்னாகப் போகும் அடி எந்த எண்ணில் திசை மாறுகிறது என்பது ஒரு வேறுபாடு. லாஸ் ஏஞ்சலிஸ் பாணியில் 1-இலும் 5-இலும் திசை மாறும். எட்டி டோரஸ் என்ற ஆசிரியரால் பரவலாக அறியப்பட்ட நியூயார்க் பாணியில் 2-இலும் 6-இலும், அதாவது உங்கள் ஆதி தாளத்தில் சுண்டுவிரலிலும் முதல் வீச்சிலும் மாறும். ‘ஆன் ஒன்’, ‘ஆன் டூ’ என்று இங்கே எல்லாரும் சொல்வது இதைத்தான். இரண்டிலும் ஜோடி ஒரு நேர்கோட்டுத் தடத்திலேயே ஆடும். பெண் அந்தத் தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வருவார், ஆண் விலகி வழிவிடுவார். கியூபாவின் ‘கசீனோ’ பாணியிலோ தடம் என்று ஒன்று கிடையாது. இருவரும் ஒருவரை ஒருவர் சுற்றி வட்டமாக நகர்ந்துகொண்டே இருப்பார்கள். பல ஜோடிகள் பெரிய வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்து அடுத்தவரின் துணையை மாற்றிக்கொள்ளும் ‘ருயேடா’ 1950-களின் ஹவானாவில் உருவானது. பார்க்கவே கலகலப்பாக இருக்கும். கொலம்பியாவின் காலி நகரத்தார் மின்னல் வேகக் கால்வேலைக்குப் பெயர்போனவர்கள். அதை ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம், நம் வயதில் முயன்று பார்க்கத் தேவையில்லை.

சல்சா என்பது கியூபாவிலிருந்து அப்படியே வந்த பழைய ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். வேர்கள் கியூபாவின் சோன் இசையிலும் மாம்போவிலும் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெயரில் அது உருத்திரண்டது 1960-களிலும் 1970-களிலும் நியூயார்க்கில், போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் குடியேறியவர்களின் குடியிருப்புகளில். அந்த அலையைத் தூக்கி நிறுத்திய ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தை 1964-இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஜானி பச்சேகோ டொமினிக்கன் நாட்டவர், மற்றவரான ஜெரி மசூச்சி இத்தாலியப் பின்னணி கொண்ட நியூயார்க் வழக்கறிஞர். இந்தக் கலப்புதான், ஊருக்கு ஊர் சல்சா வேறுபடுவதற்கும், ‘இதுதான் உண்மையான சல்சா’ என்று ஆளாளுக்குச் சண்டை போடுவதற்கும் காரணம்.

பச்சாட்டாவிலும் எடைமாற்றங்கள் ஆறுதான் என்பதால், அது சல்சாவிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும். 1, 2, 3 ஆகிய அடிகள் ஒரு பக்கமாகப் போகும். 4-இல் மறுகால் பாதத்தின் முன்பகுதி தரையைத் தொடும், ஆனால் எடையை வாங்காது, அந்தப் பக்கத்து இடுப்பு சற்று உயரும். 5, 6, 7 எதிர்ப்பக்கம், 8-இல் மீண்டும் அதே தொடுகை. சல்சாவில் 4 கண்ணுக்குப் புலப்படாத நீட்சி. பச்சாட்டாவில் 4 கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஒரு புள்ளி. கற்பவர்கள் செய்யும் பெரும்பிழையும் இங்கேதான் நிகழ்கிறது. தொட வேண்டிய காலை ஊன்றிவிட்டால், 5-இல் எடுக்க வேண்டிய அதே கால் தரையில் மாட்டிக்கொள்ளும், ஆடுபவர் ஒரு கணம் திகைத்து நின்று எதிராளியின் காலை மிதிப்பார். தட்டடவில் காலை ஓங்கித் தட்டிப் பழகிய உங்களுக்கு இந்தப் பிழை மற்றவர்களைவிடக் கூடுதலாக வரக்கூடும்.

இசையில் குழப்பத்துக்கே இடமில்லை. சல்சாவில் பியானோவும் ஊதுகருவிகளும் முன்னிற்கும். பச்சாட்டாவில் கிட்டார், அதிலும் ஒவ்வொரு தந்தியாக மீட்டப்படும் கூர்மையான கிட்டார். அதனோடு பாங்கோ முரசும், மெரெங்கேயில் கேட்ட அதே குயிராவும். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 140 அடிகள். பிரிவுத் துயரத்தைப் பாடும் பொலேரோவின் சாயல் இதில் ஊறியிருக்கிறது. சர்வாதிகாரி ட்ருஹியோ 1961-இல் கொல்லப்பட்ட பின்னர்தான், 1962-இல் ஹோசே மனுவெல் கால்டெரோன் பாடிய முதல் பச்சாட்டாப் பதிவுகள் வெளிவந்தன. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், மதுக்கடைகளிலும் ஏழைக் குடியிருப்புகளிலும் கேட்கும் தரங்குறைந்த பாட்டு என்று மேட்டுக்குடியினர் இதை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். ஹுவான் லூயிஸ் கெர்ரா 1990-இல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பு உலகெங்கும் விற்றபோதுதான் நிலைமை மாறியது. பின்னர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த அவெஞ்சுரா குழு அதை இளைஞர்களிடம் கொண்டுசேர்த்தது. யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் மெரெங்கே 2016-இலும் பச்சாட்டா 2019-இலும் சேர்க்கப்பட்டன. ஒதுக்கப்பட்ட இசை மேடையேறும் கதை தமிழர்களுக்குப் புதிதில்லை. பறையும் கானாவும் இன்று எங்கே கேட்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

பச்சாட்டா வகுப்பில் சேருமுன் பாணியைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். டொமினிக்கன் பாணி கால்வேலையை நம்பியிருக்கிறது. ‘மாடர்ன்’ எனப்படுவது சல்சாவின் சுழற்சிகளைக் கடன் வாங்கியது. ஸ்பெயினில் வளர்ந்த ‘சென்சுவல்’ பாணி மார்பிலிருந்து இடுப்புவரை அலை ஓடுவதுபோன்ற உடலசைவுகளையும் மிக நெருக்கமான பிடியையும் கொண்டது. மூன்றும் ஒரே பெயரில் விளம்பரப்படுத்தப்படுவதால், ஒன்றை எதிர்பார்த்துப் போய் மற்றொன்றில் நெளிந்துகொண்டு நிற்கும் தம்பதியரைப் பார்த்திருக்கிறேன்.

சா சா சாவில் பத்து எடைமாற்றங்கள் எப்படி வருகின்றன என்றால், நான்கு எண்களுக்குள் ஐந்து அடிகள்: 2, 3 ஆகியவற்றில் இரண்டு நிதானமான அடிகள், பிறகு 4, அதையடுத்த அரை, அடுத்த 1 ஆகியவற்றில் மூன்று விரைவான அடிகள். அந்த மூன்றைத்தான் வாய் ‘சா சா சா’ என்கிறது. வேகம் நிமிடத்துக்கு 110 முதல் 130 வரை இருப்பதால் ஒவ்வோர் அடியும் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். இதன் பிறப்பு மற்றவற்றைவிடத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் ஹவானாவில் ஒர்க்கெஸ்ட்ரா அமெரிக்கா குழுவில் வயலின் வாசித்த என்ரிக்கே ஹொரின், மாம்போவின் குறுக்குத்தாளம் ஆடுபவர்களைத் திணறடிப்பதைக் கண்டு, அழுத்தம் நேராக விழும்படி மெட்டமைத்தார். அதற்கு ஆடியவர்களின் கால்கள் இந்த மூன்று அடிகளைக் கண்டுகொண்டன. பாட்டில் புல்லாங்குழலும் வயலின்களும், சுரைக்காய்க் குடுவையைக் குச்சியால் சுரண்டும் குயிரோவும் கேட்டால் சா சா சா என்று துணிந்து சொல்லலாம்.

நம் சிங்கப்பூருக்கு இவற்றில் பழகிய ஆட்டம் இதுதான். இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடத்தில், சிராங்கூன் சாலைக்கு அருகிலேயே இருந்த நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் கேபரே அரங்கு ஒன்று இருந்தது. சீட்டு வாங்கிக் கொடுத்து அங்குள்ள நடனமாதரோடு ஆடலாம். ஜோகெட் என்னும் மலாய் ஆட்ட இசையும் சா சா சாவும் அங்கே ஒலித்தன. ஹாங்காங்கில் 1958-இல் சா சா சா வெற்றியாளர் பட்டம் வாங்கிய இளைஞர்தான் பின்னாளில் சண்டைப்படங்களால் புகழ்பெற்ற புரூஸ் லீ. இன்றும் சமூக மன்றங்களில் மூத்த பெண்மணிகள் வரிசையாக நின்று ஆடும் வரிசை நடனத்தில் சா சா சா அடிகள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் 1, 2, பிறகு 3-அரை-4 என்று எண்ணுவார்கள், போட்டி நடனம் கற்றவர்கள் 2, 3, பிறகு 4-அரை-1 என்று எண்ணுவார்கள். அடிகள் ஒன்றுதான், பாட்டோடு பொருந்தும் இடம் ஓர் எண் விலகியிருக்கும். பக்கத்துப் புளோக்கில் இருக்கும் அத்தை கற்றுக்கொடுத்ததும் ஆசிரியர் கற்றுக்கொடுப்பதும் ஒத்துப்போகவில்லையே என்று நீங்கள் குழம்பினால் காரணம் இதுவாகவே இருக்கும்.

அன்றைய இரவில் விளக்கு மங்கியதும் சில ஜோடிகள் மார்போடு மார்பு ஒட்டி, நடப்பதுபோலவே மெதுவாக நகர்ந்ததாக எழுதியிருந்தீர்களே, அது கிசோம்பா. லத்தீன் அமெரிக்காவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. 1980-களில் ஆப்பிரிக்காவின் அங்கோலா நாட்டில் செம்பா என்னும் உள்ளூர் ஆட்டமும் கரீபியத் தீவுகளின் சூக் இசையும் கலந்து பிறந்தது. சல்சா இரவுகளில் அதையும் சேர்த்துப் போடும் வழக்கம் வந்துவிட்டதால் லத்தீன் என்ற பெயர் அதன்மேலும் ஒட்டிக்கொண்டது. பெண்ணின் தலையும் கூந்தலும் பெரிய வட்டமாகச் சுழன்றால் அது லம்பாடாவின் வழிவந்த பிரேசிலிய சூக்; கழுத்து வலியில்லாமல் அதை ஆட நல்ல ஆசிரியரும் நீண்ட பயிற்சியும் வேண்டும்.

போட்டி நடனத்தில் ‘லத்தீன்’ என்று வகுத்திருக்கும் ஐந்து ஆட்டங்கள் வேறு கணக்கு. சம்பா, சா சா சா, ரும்பா, பாசோ டோப்லே, ஜைவ் என்ற அந்த ஐந்தில், பாசோ டோப்லே ஸ்பெயினின் காளைச் சண்டை இசையிலிருந்தும் ஜைவ் அமெரிக்காவின் ஸ்விங் ஆட்டத்திலிருந்தும் வந்தவை. அந்த வகுப்பில் வரும் மெதுவான ரும்பா, கியூபாவின் பொலேரோவையும் சோனையும் ஒட்டியது. முரசுகளோடு தெருவில் ஆடப்படும் கியூபாவின் அசல் ரும்பா வேறோர் உலகம். அர்ஜென்டினாவின் டாங்கோவை இந்தக் கூட்டத்திலேயே சேர்க்காதீர்கள். புவெனஸ் அய்ரெஸ், மொண்டெவிடெயோ ஆகிய துறைமுக நகரங்களில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான அந்த ஆட்டத்தில், நான் மேலே சொன்ன எண்ணிக்கைக் கணக்கு செல்லாது. நடையையும் நிறுத்தத்தையும் ஆடுபவர்களே பாட்டைக் கேட்டு அந்தந்தக் கணத்தில் தீர்மானிக்கிறார்கள்.

எதை முதலில் கற்பது என்ற கேள்விக்கு என் பதில் சல்சா, அதிலும் ‘ஆன் ஒன்’. பச்சாட்டா விரைவில் வந்துவிடும், இரண்டாம் வாரமே மகிழ்ச்சியாக ஆடலாம் என்று பலர் சொல்வார்கள்; உண்மைதான். ஆனால் சல்சாவில் துணையை நடத்தவும் துணை நடத்துவதைத் தொடரவும் பழகியவர் பச்சாட்டாவுக்கு வந்தால் சில வாரங்களில் பிடித்துக்கொள்கிறார், பச்சாட்டாவிலேயே ஊறியவர் சல்சாவுக்கு வந்தால் வேகத்தைக் கண்டு மிரண்டு பின்வாங்குகிறார் என்பதைத்தான் நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். உங்கள் கணவர் ‘எனக்குத் தாளமே வராது’ என்று சொல்லியிருக்கிறார் என்பதால் அவர் ஒருவருக்காக மட்டும் ஒரு மாற்று சொல்வேன்: முதல் சில நாள்கள் வீட்டில் மெரெங்கே போட்டு நடக்கச் சொல்லுங்கள். தாளம் வராதவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாளம் வரும். எடையை முழுதாக மாற்றாமல் இரண்டு கால்களிலும் பாதிப் பாதியாக நிற்பதுதான் அவர்களின் சிக்கல். மெரெங்கே அதைச் சரிசெய்துவிடும்.

பரதநாட்டியம் கைகொடுக்குமா என்றால், பாதி கைகொடுக்கும், பாதி குறுக்கே நிற்கும். தாள அறிவும் நிமிர்ந்த மேலுடலும் அரைமண்டியில் வலுப்பெற்ற தொடைகளும் உங்களுக்குப் பெருஞ்சொத்து. கைகளும் கால்களும் வெவ்வேறு வேலைகளைச் செய்வதும் உங்களுக்குப் புதிதாக இராது. மறக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பாதத்தைத் தட்டும் பழக்கம்; இங்கே பாதம் ஓசையின்றித் தரையில் வைக்கப்பட்டு அதன்மேல் எடை ஏற்றப்படுகிறது. மற்றொன்று, அடுத்த அசைவு என்ன என்று முன்கூட்டியே அறிந்து ஆடும் பழக்கம். நாட்டியத்தில் கோர்வை மனப்பாடமாக இருக்கும். இங்கே நடத்துபவர் அந்தக் கணத்தில் முடிவெடுக்கிறார், தொடர்பவர் கையிலும் தோளிலும் உணரும் அழுத்தத்திலிருந்து அதை அறிந்துகொள்கிறார். நாட்டியம் கற்ற பெண்கள் நடத்துபவருக்கு முன்பே ஊகித்துச் சுழன்றுவிடுவது எல்லா வகுப்புகளிலும் நடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அடிப்படை அடிகளை மட்டும் கணவரோடு ஒரு பாட்டு முழுவதும் ஆடிப் பாருங்கள். ஊகிக்கும் பழக்கம் மெல்லக் குறையும்.

வகுப்புக்கு இங்கே இரண்டு வழிகள் உள்ளன. மக்கள் கழகத்தின் சமூக மன்றங்களில் நடக்கும் வகுப்புகள் வீட்டுக்கு அருகில், கட்டணம் குறைவு. ஆனால் ஆசிரியருக்கு ஆசிரியர் உள்ளடக்கம் மாறும். தனியார் நடனக்கூடங்களில் நிலைவாரியான பாடத்திட்டமும் வகுப்புக்குப் பின் ஆடிப் பழகும் நேரமும் இருக்கும். எதுவானாலும் முதல் தொடர்பிலேயே கேட்க வேண்டியவை: எந்த எண்ணில் திசை மாறும் பாணி, வகுப்பில் துணையை மாற்றிக்கொள்ள வேண்டுமா, பாட்டோடு ஆட எவ்வளவு நேரம் தரப்படும். கடைசிக் கேள்வி முக்கியமானது. வாரத்துக்கொரு புதிய சுழற்சி என்று அடுக்கிக்கொண்டே போய், பாட்டு போட்டதும் கைகால் உறைந்துபோகும் மாணவர்களை உருவாக்கும் வகுப்புகள் இருக்கின்றன. அடிப்படை அடியும், ஒரு வலச்சுற்றும், இடம் மாறும் ஓர் அசைவும் சுத்தமாக வந்தால் போதும், ஓர் இரவு முழுவதும் ஆடலாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தரையில் காலுறை அணிந்து பயிற்சி செய்தால் கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு இருக்காது, ஆனால் பளிங்குத் தரையில் வழுக்கும். சுழற்சிகளைத் தவிர்த்து அடிகளை மட்டும் பழகுங்கள். ரப்பர் அடியுள்ள ஓட்டக் காலணிகள் அதற்கு நேரெதிர். அவை தரையைக் கவ்விக்கொள்வதால் உடல் சுழலும், பாதம் சுழலாது, நடுவில் அகப்படும் முழங்கால் திருகிக்கொள்ளும். தொடர்ந்து கற்பது என்று முடிவான பின் மெல்லிய தோலடி வைத்த நடனக் காலணி வாங்குங்கள். அதை அணிந்துகொண்டு எம்ஆர்டி நிலையத்திலிருந்து மழையில் நடக்கக் கூடாது. தோல் நனைந்தால் பயன்படாது. பையில் எடுத்துப் போய் அங்கே மாற்றிக்கொள்வதே வழக்கம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆண்கள் மாற்றுச்சட்டை ஒன்றும் எடுத்துப் போவது துணையாக ஆடுபவருக்குச் செய்யும் மரியாதை.

அந்நியரின் கையைப் பிடிப்பது பற்றிய தயக்கம் நம் குடும்பங்களில் இயல்பானது, அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. வகுப்பில் துணையை மாற்றச் சொல்வதற்குக் கற்றல் சார்ந்த காரணம் உண்டு. தம்பதியர் தங்களுக்குள்ளேயே ஆடினால், ஒருவரின் பிழையை மற்றவர் அறியாமலே ஈடுகட்டப் பழகிவிடுவார்கள். வேறொருவரோடு ஆடும்போதுதான் பிழை வெளிப்படும். ஆயினும் மாற விருப்பமில்லை என்று முதல் நாளே ஆசிரியரிடம் சொன்னால் பெரும்பாலும் மதிப்பார்கள், மதிக்காத இடத்தில் நீங்கள் இருக்கத் தேவையில்லை. சல்சாவிலும் சா சா சாவிலும் இருவருக்கும் இடையே நல்ல இடைவெளி வைத்தே முழுவதுமாக ஆடலாம். நெருக்கம் கூடுவது பச்சாட்டாவின் சில பாணிகளிலும் கிசோம்பாவிலும்தான். நடன இரவில் ஒருவர் அழைத்தால் ‘வேண்டாம், நன்றி’ என்பதே போதுமான பதில், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆட ஒப்புக்கொண்டால் அது ஒரு பாட்டுக்கு மட்டுமே. பாட்டு முடிந்ததும் நன்றி கூறி விலகலாம். பிடி உங்களுக்கு ஒவ்வாத அளவுக்கு நெருங்கினால் உங்கள் கையை நீட்டி இடைவெளியை மீட்டுக்கொள்ளுங்கள், அதுவும் புரியாதவரை நடுப்பாட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். அரங்கின் நடுவே நின்று உங்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கும் ஆள்களும் தவறாமல் வருவார்கள். அவர்களுக்கும் அந்த ‘வேண்டாம், நன்றி’ பொருந்தும்.